துடுப்புவால் கரிச்சான்

அம்பாங் பெச்சாவிலும் அதனைச் சூழ்ந்த வட சிலாங்கூர்த் தோட்டங்களிலும் காட்டை ஒட்டிய நிரைகளில் பால் வெட்டுவோர், விடியுமுன்னரே மர உச்சியிலிருந்து எழும் குரல்களைக் கேட்டிருப்பர். மணியோசை போன்ற சீழ்க்கை ஒன்று. அடுத்துக் கரகரத்த அதட்டல். பின்னர்ப் பருந்தின் கூவல். பறவைகள் பல கூடியுள்ளன என எண்ணி அண்ணாந்து நோக்கினால், கரிய பறவை ஒன்றே அமர்ந்திருக்கும். அதுவே துடுப்புவால் கரிச்சான்.

மைனாவினும் பெரிய உடல். வெயில் பட்டால் நீலமாய் மின்னும் கருமை. நெற்றியில் சிறு கொண்டை உண்டு. இந்தியக் காடுகளில் வாழும் இதன் இனத்தாருக்கு அது இன்னும் பெரிது. வாலின் வெளியிறகுகள் இரண்டும் கம்பிபோல் நீண்டு, நுனியில் துடுப்பென விரிந்து முறுகியிருக்கும். அவற்றையும் சேர்த்தால் நீளம் ஏறக்குறைய இரண்டடி. பறக்கும்போது கம்பி நம் கண்ணுக்குப் புலப்படாது. கருவண்டுகள் இரண்டு பறவையைத் துரத்துவது போலவே தோன்றும். 1766-இல் இதற்கு அறிவியற் பெயரிட்ட லின்னேயஸ் இதனைக் குயிலினத்தோடு சேர்த்துவிட்டார்!

மலாய்க்காரர்கள் இதனை ‘ஹம்பா கெரா’, அதாவது குரங்கின் அடிமை என்பர். குரங்குக் கூட்டம் செல்லுமிடமெல்லாம் இது பின்தொடர்வதே காரணம். ஆயினும் நாம் சற்று நின்று கவனித்தால் உண்மை வேறாகத் தெரியும். குரங்குகள் கிளைகளை உலுக்க, இலைமறைவில் இருந்த வெட்டுக்கிளியும் விட்டிலும் வெளியே பறக்கும். கரிச்சான் பாய்ந்து அவற்றைக் காற்றிலேயே கவ்வும். உழைப்பது குரங்கு, உண்பது கரிச்சான். இதில் யார் யாருக்கு அடிமை?

பிற பறவைகளின் குரலை இது காட்டுவதும் வெறும் விளையாட்டன்று. இதன் நெருங்கிய உறவான கரிச்சானை இலங்கையின் சிங்கராஜ வனத்தில் எபன் குடேல், சரத் கொட்டகம ஆகியோர் ஆராய்ந்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டனர். பிற பறவைகளின் குரலைக் காட்டி அவற்றைத் தன்னருகே வரவழைத்துக் கூட்டமாக இரைதேட அது வழி செய்கிறது எனக் கண்டனர். ஆபத்து நேர்கையில் அது மற்றப் பறவைகளின் அபாயக் குரலையும் எழுப்புகிறதாம்.

அஞ்சாமையிலும் இது குறைந்ததன்று. கூட்டை நெருங்கும் பருந்தையும் காகத்தையும் தலையில் கொத்தி விரட்டும். காகங்களால் துன்புற்ற கரிக்குருவி ஒன்று மதுரையில் சிவபெருமானிடம் உபதேசம் பெற்று ‘வலியான்’ ஆன கதை பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் உண்டு. நம் முன்னோர் இவ்வினத்தை நன்கு கவனித்தே பெயரிட்டிருக்கின்றனர்.

மழை ஓய்ந்த மாலையில் ஈசல் கிளம்பும் காட்சியை அறியாதார் நம்முள் இல்லை. கறையான் புற்றிலிருந்து புதுக்குடி அமைக்கப் புறப்படுவனவே அவை. உயிருள்ள பால்மரத்தையே குடையும் கறையான் இனமும் நம் நாட்டில் உண்டு. அந்தி மயங்கும்வரை கரிச்சான் அந்த ஈசல்களைப் பிடித்துத் தின்னும். ஒரு பறவை தோட்டத்துக் கறையானையே ஒழித்துவிடும் என்பது மிகை. ஆயினும் கூலியின்றி நமக்காகச் செய்யப்படும் வேலை அது. உண்டிவில்லுடன் நிரைக்குள் திரியும் சிறுவர்க்கு இதனை எடுத்துரைப்பது பெற்றோர் கடன்.

கல்லுக்குத் தப்பினாலும் கரிச்சானுக்கு வேறோர் இடையூறு உண்டு. மெல்லிய கிளை கவடாகப் பிரியும் இடத்தில், தொட்டில்போல் இது கூடு தொங்கவிட்டு, மூன்று அல்லது நான்கு முட்டையிடும். செம்பனைக்குக் கிளையுமில்லை, கவடுமில்லை. பால்மரங்கள் வீழ்த்தப்பட்டுச் செம்பனை நடப்பட்ட இடங்களில், ஆற்றங்கரையிலும் லயத்தின் ஓரத்திலும் விட்டுவைக்கப்பட்ட பழமரங்களே இதற்கு எஞ்சியுள்ள கூடிடம்.

கோலக்குபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்குச் செல்வோர் அங்கும் துடுப்புவாலைக் காணலாம். அது இதன் தம்பி போன்ற சிறிய இனம். பெரியதன் வால் நுனி கவடுபட்டிருக்கும். சிறியதன் வாலோ வெட்டியெடுத்தாற்போல் நேராக இருக்கும்.