குறைந்த செலவில் முதல் விளையாட்டுக் கணினி

விளையாட்டுக் கணினி என்பது, முப்பரிமாணக் காட்சிகள் கொண்ட விளையாட்டுகளைத் தடங்கலின்றி ஓட்டுவதற்கென்று பாகங்களைத் தேர்ந்து அமைக்கப்படும் மேசைக் கணினி ஆகும். அலுவலகக் கணினியில் உள்ள அதே பாகங்கள்தாம் இதிலும் இருக்கின்றன. காட்சியை வரையும் பகுதி மட்டும் வலுவாக இருக்கும். பாகங்களைத் தனித்தனியே வாங்கிப் பூட்டுவதை நம் கடைக்காரர்கள் ‘அசெம்பிள்’ செய்வது என்பர். அதற்கு ஒரு ஸ்டார் திருப்புளியும் ஒரு பிற்பகல் நேரமும் போதும். எதற்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்று முடிவு செய்வதுதான் கடினம். எனவே இக்கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியே பேசுகிறது.

தொடங்கும் முன் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் பேச்சில் பெட்டி முழுவதையும் ‘சிபியு’ என்கிறோம். உண்மையில் சிபியு என்பது தாய்ப்பலகையின் மேல் அமரும், தீப்பெட்டி அளவுள்ள செயலி மட்டுமே. பெட்டியின் பெயர் கேபினெட்.

‘ஐ7, 16 ஜிபி, 4 ஜிபி கிராபிக்ஸ்’

பழைய கணினிகளை விற்கும் கடைகளில் இப்படியொரு அறிவிப்பை அடிக்கடி காணலாம். என்னிடம் படித்த மாணவி ஒருவரின் மகன், விடுமுறை நாள்களில் கேட்டரிங் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்துடன் அம்மாவின் சீட்டுப் பணத்தையும் சேர்த்து, இந்த அறிவிப்பை நம்பி ஒரு பெட்டியை வாங்கி வந்தான். “ஐ7 சார், இதுக்கு மேல என்ன வேணும்?” என்றான். அறிவிப்பில் சொன்ன மூன்றும் உண்மையாகவே உள்ளே இருந்தன. ஆனால் அவன் விளையாட நினைத்த விளையாட்டு ஓடவில்லை.

ஐ7 என்பது ஒரு வரிசையின் பெயர் மட்டுமே. செயலியின் வயது அதற்குப் பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது. ஐ7 2600 என்றால் முதல் இலக்கமான 2 இரண்டாம் தலைமுறையைக் குறிக்கும். அது 2011-இல் வந்தது. ஐ3 12100 என்றால் 12-ஆம் தலைமுறை, 2022-இல் வந்தது. இரண்டிலும் நான்கு உட்கருக்கள்தாம். ஆனால் புதிய ஐ3, பழைய ஐ7-ஐ எளிதில் பின்னே தள்ளிவிடும். மேலும் விண்டோஸ் 11, இன்டெல் செயலிகளில் பொதுவாக 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் முறையாக ஏற்கப்படுகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

அந்த 4 ஜிபி கிராபிக்ஸ் அட்டை ஜிடி 730. இது 2014-இல் வந்த, குறைந்த திறனுள்ள அட்டை. 4 ஜிபி என்பது அதன் நினைவகத்தின் அளவேயன்றி வேகமன்று. தேர்வு எழுதும் மாணவனுக்குப் பெரிய மேசை கொடுத்தால் தாள்களைப் பரப்பி வைக்கலாம். எழுதும் வேகம் கூடாது. மெதுவான டிடிஆர்3 நினைவகத்தை 4 ஜிபி அளவுக்கு வைத்து விற்கும் இவ்வகை அட்டைகளில் நடப்பது இதுதான்.

பயன்படுத்திய அட்டை வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மின்பணம் தன் முறையை மாற்றிக்கொண்டபோது, அதைத் தோண்டப் பயன்பட்ட அட்டைகள் பெருமளவில் சந்தைக்கு வந்தன. இரவு பகலாக ஓடியவை அவை. பழைய ரேடியான் ஆர்எக்ஸ் 580 வாங்கினால் ‘2048எஸ்பி’ என்ற பின்னொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது 580 என்ற பெயரில் வரும், 570-க்கு நிகரான அட்டை. உண்மையான 580-இல் அந்த எண் 2304.

ஒரு காட்சி உருவாகும் விதம்

திரையில் ஓடும் விளையாட்டு, அடுத்தடுத்து வரையப்படும் நிலைப்படங்களின் தொகுப்பு. ஒவ்வொரு படத்துக்கும் முதலில் செயலி கணக்குப் போடுகிறது: எதிராளி எங்கே நிற்கிறான், குண்டு யார்மேல் பட்டது, வண்டி எப்பக்கம் திரும்பியது. பிறகு அந்தக் கணக்கை வாங்கி வரைகலைச் செயலி படமாக்குகிறது.

1080பி எனப்படும் திரையில் 1920 × 1080, அதாவது 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 60 படங்கள் என்றால் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு மேல் ஒவ்வொரு நொடியும் நிறம் முடிவாக வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய 16.7 மில்லிநொடி. இந்த நேரத்துக்குள் இருவரில் ஒருவர் பிந்தினாலும் படம் தடுமாறும். வலுவான செயலிக்குப் பக்கத்தில் மெலிந்த அட்டையை வைத்தாலும், விலை உயர்ந்த அட்டையைப் பழைய செயலியோடு கட்டினாலும் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி வீணாவது இதனால்தான். திரையின் நுணுக்கம் கூடக்கூட வரைகலைச் செயலியின் சுமை ஏறும். நொடிக்கு 144, 240 என்று படங்களின் எண்ணிக்கை கூடும்போது செயலியின் சுமையும் ஏறும். முதல் கணினிக்கு 1080பி திரையே போதுமானது.

இரண்டு வழிகள்

முதல் வழி, தனி வரைகலை அட்டை இல்லாமல் தொடங்குவது. ஏஎம்டி நிறுவனத்தின் செயலிகளில் ‘ஜி’ என்று முடியும் பெயர்களில் ஓரளவு திறனுள்ள வரைகலைப் பகுதி உள்ளேயே இருக்கும். ரைசன் 5 5600ஜி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆறு உட்கருக்கள் கொண்ட இது 2021-இல் வந்தது. வாலரன்ட், டோட்டா 2 போன்றவற்றையும், ஜிடிஏ 5 போன்ற சற்றுப் பழைய விளையாட்டுகளையும் அமைப்புகளைக் குறைத்து வைத்து நன்றாகவே விளையாடலாம். மேலே சொன்ன ஜிடி 730-ஐ விட இதன் உள்வரைகலையே வேகமானது. புத்தம்புதிய பெரிய விளையாட்டுகளுக்கு இது போதாது.

இரண்டாம் வழி, வரைகலைப் பகுதி இல்லாத செயலியும் தனி அட்டையும் வாங்குவது. ரைசன் 5 5600, அல்லது இன்டெல் ஐ3 12100எஃப் போன்றவை இதற்குப் பொருந்தும். இன்டெல் பெயரின் கடைசியில் வரும் ‘எஃப்’, உள்ளே வரைகலை இல்லை என்பதன் அடையாளம். தனி அட்டை இல்லாமல் அதில் திரையே வராது. இந்த வழியில் மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் அட்டைக்குப் போக வேண்டும் என்பது என் கணக்கு. 8 ஜிபி நினைவகம் கொண்ட ரேடியான் ஆர்எக்ஸ் 6600 போன்ற அட்டை 1080பி திரைக்குப் பொருத்தமானது.

பணம் ஒரே நேரத்தில் கையில் இல்லாத மாணவர்களுக்கு முதல் வழியையே சொல்வேன். இன்று உள்வரைகலையோடு தொடங்கி, ஓராண்டு கழித்து அதே தாய்ப்பலகையில் அட்டையைச் செருகிக்கொள்ளலாம். ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. 5600ஜி-யில் மூன்றாம் நிலை இடைமாற்று நினைவகம் 16 எம்பி. 5600-இல் 32 எம்பி. தனி அட்டை பூட்டியபின் 5600-தான் விளையாட்டுகளில் வேகமாக இருக்கும். மேலும் 5600ஜி, அட்டையோடு மூன்றாம் தலைமுறை பிசிஐஇ பாதையில் மட்டுமே பேசும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி அட்டை நான்கு பாதைகளை மட்டுமே பயன்படுத்துவதால், இந்தச் செயலியோடு சேர்ந்தால் வேகம் குறையும். அந்த இணையைத் தவிர்த்து, எட்டுப் பாதை கொண்ட 6600-க்குக் காத்திருப்பது நல்லது.

ராம் எனப்படும் நினைவகத்தை 16 ஜிபி ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜிபி துண்டுகள் இரண்டாக வாங்க வேண்டும். இரண்டு துண்டுகளும் இரண்டு தனிப் பாதைகளில் செயலிக்குத் தரவைக் கொடுக்கும். உள்வரைகலைக்கென்று தனி நினைவகம் கிடையாது. அது ராமையே பங்கு போட்டுக்கொள்கிறது. ஆகவே முதல் வழியில் செல்வோருக்கு இது கண்ணால் காணக்கூடிய வேறுபாட்டைத் தரும்.

விலைகளை இங்கே நான் எழுதவில்லை. 2025-இன் கடைசி மாதங்களில், செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் ராம் விலை கடுமையாக ஏறியதைப் பார்த்தோம். இன்று எழுதும் எண் அடுத்த மாதம் பொய்யாகும். சென்னை ரிச்சி தெருவில் இரண்டு மூன்று கடைகளில் விலைப்பட்டியல் வாங்கி, இணைய விலையோடு ஒப்பிடுவதுதான் வழி. விலை 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்பதை முதலிலேயே கேளுங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். உத்தரவாதம் கேட்டுப் போகும்போது அந்தத் தாள்தான் பேசும்.

எஸ்எம்பிஎஸ்

முதல்முறை வாங்குவோர் எல்லோரும் பணத்தை மிச்சம் பிடிக்கும் இடம் இதுதான். கேபினெட்டோடு சேர்ந்தே ‘450 வாட்’ என்று ஒட்டிய எஸ்எம்பிஎஸ் ஒன்று வந்துவிடும்போது தனியாக ஏன் வாங்க வேண்டும் என்று தோன்றும். விடை அதன் பக்கவாட்டில் ஒட்டியுள்ள பட்டியலில் இருக்கிறது. செயலியும் வரைகலை அட்டையும் 12 வோல்ட் இணைப்பிலிருந்தே பெரும்பாலான மின்சாரத்தை எடுக்கின்றன. அதற்கு நேராக 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 18 × 12 = 216 வாட்; மேலே எந்த எண் ஒட்டியிருந்தாலும் நமக்குக் கிடைப்பது இவ்வளவே. 36 ஆம்பியர் என்றிருந்தால் 432 வாட். எட்டாம் வகுப்புப் பெருக்கல்தான்.

இப்போது தேவையைக் கூட்டுவோம். ரைசன் 5 5600-க்கு ஏறக்குறைய 76 வாட், ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட், மற்றவற்றுக்கு 50 வாட் என்று வைத்தால் 260 வாட்டுக்கு அருகில் வருகிறது. கண நேர உச்சங்களுக்கும் இடம் விட்டால், நல்ல நிறுவனத்தின் 450 முதல் 550 வாட் வரையிலான எஸ்எம்பிஎஸ் போதும். ‘80 பிளஸ்’ என்ற முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. பாதுகாப்புக்கு அது சான்றன்று. ஐந்தாண்டு உத்தரவாதம் தரும் பொருளை நான் கூடுதலாக நம்புவேன்.

மேலே சொன்ன மாணவனின் பெட்டியில் நான்காம் மாதம் முதலில் போனது இதுதான். போகும்போது தாய்ப்பலகையையும் கொண்டு போயிற்று.

வீட்டில் மூன்று முனைப் புள்ளியில் எர்த் சரியாக இருக்கிறதா என்று மின்பணியாளரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாத இடத்தில் கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டி மின்தேக்கிகள் வழியே வரும் சிறு மின்னோட்டத்துக்குத் தரைக்குப் போக வேறு வழி இல்லாமல் போவதே காரணம்.

மற்ற பாகங்கள்

எஸ்எஸ்டி குறைந்தது 500 ஜிபி. முடிந்தால் 1 டிபி. ஜிடிஏ 5 ஒன்றுக்கே 100 ஜிபிக்கு மேல் இடம் வேண்டும். தாய்ப்பலகை செயலியின் பொருத்துவாய்க்கு ஏற்றதாக இருக்க வேண்டும்: ரைசன் 5000 வரிசைக்கு ஏஎம்4, இன்டெல் 12-ஆம் தலைமுறைக்கு எல்ஜிஏ 1700. பழைய இருப்பிலுள்ள பலகையானால் அதன் பயாஸ் இந்தச் செயலியை ஏற்கும் பதிப்புதானா என்று கடையில் கேளுங்கள். கேபினெட்டில் முன்பக்கம் காற்று புக வழியும் பின்னால் ஒரு விசிறியும் இருந்தால் போதும். வண்ண விளக்குகள் வேகம் தருவதில்லை. வேண்டுமென்றால் அது அவரவர் ஆசை.

பூட்டும்போது

செயலியை வைக்கும்போது மூலையிலுள்ள முக்கோணக் குறியைப் பலகையின் குறியோடு பொருத்தி, அழுத்தாமல் விட வேண்டும், தானே அமரும். ஏஎம்4 செயலியின் அடியில் மெல்லிய ஊசிகள் உள்ளன. வளைந்தால் நிமிர்த்துவது பெரும்பாடு. உடன் வரும் விசிறியின் அடியில் வெப்பப் பசை ஏற்கெனவே பூசியிருக்கும். நான்கு செருகிடங்கள் உள்ள பலகையில், ராம் துண்டுகளைச் செயலியிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகுவது வழக்கம். கிளிக் என்ற ஒலி வரும்வரை அழுத்த வேண்டும். பலகையைக் கேபினெட்டில் வைக்கும் முன் பித்தளைத் தாங்கிகள் பலகையின் துளைகளுக்கு நேராக மட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தப்பான இடத்தில் ஒன்று இருந்தாலும் பலகையின் அடியில் குறுக்குச்சுற்று ஏற்படலாம். செயலிக்கான எட்டு முனை இணைப்பும் வரைகலை அட்டைக்கான எட்டு முனை இணைப்பும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஒன்றுக்கு மற்றொன்றைச் செருகக் கூடாது. செருக மறுத்தால் பலத்தைக் காட்டாமல், எழுத்தைப் படியுங்கள்.

முதல் இயக்கம்

விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பாக இருக்கிறது என்றால் பதற வேண்டாம். தனி அட்டை இருக்கும்போது திரையின் கம்பியைத் தாய்ப்பலகையில் செருகியிருப்பதுதான் பெரும்பாலான நேரம் காரணம். அட்டையின் பின்புறத்தில் செருக வேண்டும். அதுவும் சரியென்றால் மின்சாரத்தை நிறுத்தி, ராம் துண்டுகளைக் கழற்றி மீண்டும் அழுத்திச் செருகுங்கள்.

திரை வந்ததும் பயாஸுக்குள் போய் ராமின் வேகத்தைப் பாருங்கள். 3200 என்று வாங்கிய ராம், நாம் சொல்லாதவரை 2133 அல்லது 2400-இல் ஓடிக்கொண்டிருக்கலாம். எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி என்ற பெயரில் உள்ள அமைப்பை இயக்கினால் சரியாகும். விண்டோஸ் 11-இல் வாலரன்ட் விளையாட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய இரண்டும் பயாஸில் இயங்க வேண்டும். திரை 144 ஹெர்ட்ஸ் உள்ளதாக இருந்தாலும் விண்டோஸ் அதை 60-இலேயே வைத்திருக்கக்கூடும். காட்சி அமைப்புகளில் நாமே மாற்ற வேண்டும்.

அந்த மாணவன் இரண்டாம் முறை 5600ஜி-யும் தரமான எஸ்எம்பிஎஸ்ஸும் வாங்கி, என் வீட்டு முற்றத்துத் திண்ணையில் வைத்துத் தானே பூட்டினான். அட்டைக்கான செருகிடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. மாதாமாதம் அதற்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறான்.