கோடு கிழிக்கும் கை யாருடையது?

வாக்குச் சாவடிக்குச் செல்கிறோம். விரலில் மை வைத்துக் கொள்கிறோம். நாட்டை ஆள்வது யார் என்பதை நாமே தீர்மானித்தோம் என்ற பெருமிதத்தோடு திரும்புகிறோம். ஆனால் தோழர்களே, அந்த நாளுக்குப் பல ஆண்டுகள் முன்னரே யாரோ ஒருவர் நாட்டுப் படத்தின் மீது கோடு கிழித்து, உங்கள் ஊர் எந்தத் தொகுதி என்று முடிவு கட்டிவிட்டார். அவரைக் கேள்வி கேட்கும் உரிமை எவருக்கு உண்டு?

கெங்கவல்லியையே பாருங்கள். 2006 தேர்தல் வரை இந்தப் பக்கத்தில் தலைவாசல் என்றொரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. 2008இல் எல்லை வரையறை வந்தது, தலைவாசல் மறைந்தது, 2011இல் கெங்கவல்லி தனித் தொகுதி என்ற பெயரில் மக்கள் வாக்களித்தனர். நாடாளுமன்றத்துக்கோ கள்ளக்குறிச்சித் தொகுதி! கலெக்டர் அலுவலகத்துக்குச் சேலம் போகிற கெங்கவல்லிக்காரர், எம்.பி.யைத் தேர்ந்தெடுக்க ரிஷிவந்தியத்தாரோடும் சங்கராபுரத்தாரோடும் சேர்க்கப்பட்டார்.

இதில் சதி இருந்தது என்று நாம் கூறவில்லை. தனித் தொகுதி என்பது ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமை. அதில் நமக்கு இரு கருத்து இல்லை. நாம் கேட்பது வேறு. வரைவை வெளியிட்டு மக்களின் ஆட்சேபணைகளைக் கேட்க வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டுச் சட்டம். தம்மம்பட்டியில் மரம் செதுக்கும் சிற்பிக்கும், வீரகனூரில் மரவள்ளி பயிரிடும் உழவனுக்கும் அந்த வரைவு எட்டியதா? மாநிலத்துக்கு ஐந்து எம்.பி.க்கள், ஐந்து எம்.எல்.ஏ.க்கள் துணை உறுப்பினர்களாக அமரலாம். ஆனால் வாக்கு இல்லை! உட்காரலாம், பேசலாம், தீர்மானிக்க முடியாது!

சதியில்லாத கோடே இப்படியென்றால், சதியோடு கிழித்த கோடு என்ன செய்யாது? கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு வாக்காளர், ஐந்து தொகுதி, தொகுதிக்கு இருபது பேர். அறுபது பேர் ஒரு கட்சி, நாற்பது பேர் மறு கட்சி. அறுபதின்மரில் நாற்பது பேரை இரண்டே தொகுதிகளில் அடைத்துவிட்டு, மிச்சம் இருபது பேரை மூன்று தொகுதிகளில் சிதறடித்தால் என்ன ஆகும்? நாற்பது பேர் கட்சி மூன்று தொகுதிகளை வெல்லும்! சிறுபான்மை ஆளும், பெரும்பான்மை வேடிக்கை பார்க்கும்!

அமெரிக்காவில் 1812இல் மசசூசெட்ஸ் கவர்னர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி ஒப்பமிட்ட எல்லைப் படத்தில் ஒரு தொகுதி பல்லியைப் போன்ற சாலமாண்டர் பிராணியாக நெளிந்தது. அன்று முதல் இந்தச் சூழ்ச்சிக்கு ‘ஜெர்ரிமாண்டர்’ என்று பெயர். 2019இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கட்சி நோக்கோடு வரையும் எல்லையைத் திருத்துவது கூட்டாட்சி நீதிமன்றங்களின் வேலையல்ல என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் கைகழுவிற்று. விளைவு? 2025இல் டெக்சாசில் ஒரு கட்சி தன் வசதிக்கு எல்லையை மாற்றியது. கலிபோர்னியாவில் மறு கட்சி பதிலடி கொடுத்தது.

இங்கு மட்டும் என்ன வாழ்ந்தது? 2011 கணக்குப்படி காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் சுமார் 68 லட்சம் பேர். ஜம்முவில் சுமார் 53 லட்சம் பேர். 2022 வரையறையிலோ ஜம்முவுக்கு ஆறு இடங்கள் கூடின. காஷ்மீருக்கு ஒன்றே ஒன்று!

நீதிமன்றம் கேட்கக் கூடாதா? எல்லை வரையறைச் சட்டத்தை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாது என்று அரசியல் சட்டத்தின் 329ஆவது பிரிவு பூட்டுப் போட்டது. உஜ்ஜயினி தனித் தொகுதியாக்கப்பட்டதை எதிர்த்து வந்த வழக்கில், கமிஷனின் உத்தரவுக்கும் அந்தப் பூட்டு உண்டு என்றது 1966 தீர்ப்பு. 2024இல், குஜராத்தின் பர்தோலித் தொகுதி வழக்கில், உத்தரவு அப்பட்டமாகத் தன்னிச்சையானது, அரசியல் சட்ட நெறிக்கு ஒவ்வாதது என்றால் நீதிமன்றம் தலையிடலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. கதவு ஒரு விரற்கடை திறந்தது. அந்த இடைவெளியில் ஏழையின் மனு நுழையுமா என்பதில்தான் நீதிமன்றத்தின் மதிப்பு அடங்கியிருக்கிறது.

தமிழகத்துக்கு இது ஏட்டுப் பேச்சல்ல. 1962இல் நமக்கு 41 நாடாளுமன்ற இடங்கள், 1967இல் 39. பறிபோன இரண்டு இடங்களுக்கு ஈடாக 5,600 கோடி ரூபாய் ஏன் தரக்கூடாது என்று 2021இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையே கேட்டது. குடும்பக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்த மாநிலம் தண்டிக்கப்படக் கூடாதென்றுதான் 1976இல் இடங்களின் எண்ணிக்கையை உறைய வைத்தார்கள். 2026க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்பு வரை என்று 2001இல் அதை நீட்டினார்கள். 2027 மார்ச் 1 என்று அந்தக் கணக்கெடுப்புக்கு 2025இல் நாள் குறித்தார்கள். கெடுவுக்குக் கணக்குத் தீர்க்கும் நாள் வருகிறது!

எனவே நாம் கேட்கிறோம்: கமிஷனை மத்திய ஆட்சியாளர் மட்டும் நியமிப்பது ஏன்? எதிர்க்கட்சியும் மாநிலங்களும் ஒப்பியவரே அமரட்டும். வரைவு தமிழில், ஊர்ப் பெயர்களோடு, ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டப்படட்டும். தள்ளிய ஆட்சேபணை ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதப்படட்டும். உத்தரவு இறுதியாகும் முன் நீதிமன்றம் கெடு வைத்து விசாரிக்கட்டும். நல்ல காரியம் செய்த மாநிலத்தின் குரல் குறையாதிருக்கட்டும்.

கிளைத் தோழர்களே! வரைவு வரும் நாளில் கொடி கட்டுவதோடு நில்லாதீர்கள். படத்தை வாங்குங்கள், டீக்கடையில் விரித்து வையுங்கள், உங்கள் ஊர் எந்தப் பக்கம் விழுந்தது, ஏன் விழுந்தது என்று படித்துச் சொல்லுங்கள், தவறென்றால் கெடுவுக்குள் எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள். கோடு கிழிக்கும் கை யாருடையதாகவும் இருக்கட்டும். அதைக் கண்காணிக்கும் கண் நம்முடையதாக இருக்கட்டும்!