235 இடங்களில் இருந்து பூஜ்ஜியம்: மேற்கு வங்கத்தில் கம்யூனிஸ்ட்கள் சரிந்தது எப்படி? சிங்கூரில் நடந்தது என்ன?

2006 மேற்கு வங்கச் சட்டமன்றத் தேர்தல். மொத்தம் 294 இடங்கள். இடதுசாரி முன்னணி ஜெயித்தது 235. ஐந்தே வருஷத்தில், 2011இல், அது 62 ஆனது. 2021இல் ஒன்றுகூட இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு கம்யூனிஸ்ட் எம்.எல்.ஏ. ஒருவர்கூட இல்லாமல் வங்கச் சட்டமன்றம் கூடியது அதுதான் முதல்முறை.

இதற்கு வழக்கமாக ஒரு காரணம் சொல்வார்கள். கம்யூனிஸ்ட்கள் தொழிற்சாலைகளை விரட்டினார்கள், மக்கள் அவர்களை விரட்டிவிட்டார்கள் என்று. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் நடந்தது கிட்டத்தட்ட தலைகீழ். தொழிற்சாலையைக் கொண்டுவரப் போய்த்தான் அவர்கள் ஆட்சியைத் தொலைத்தார்கள்.

எப்படி? கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்க்கலாம்.

நிலம் கொடுத்த கட்சி

1977இல் ஜோதி பாசு முதல்வரானார். அடுத்த வருஷமே 'ஆபரேஷன் பர்கா' தொடங்கியது. அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு உழுபவருக்கு வங்கத்தில் 'பர்காதார்' என்று பெயர். அதுவரை நிலக்காரர் நினைத்தால் அவரை ஒரே நாளில் வெளியேற்றிவிடலாம், கேட்க நாதி கிடையாது. அதிகாரிகள் கிராமத்துக்கே போய், யார் எந்த நிலத்தை உழுகிறார் என்று விசாரித்துப் பதிவு செய்தார்கள். பதிவானவரை இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது, விளைச்சலில் பங்கும் உறுதி. சுமார் 14 லட்சம் பேர் இப்படிப் பதிவானார்கள். உச்சவரம்புக்கு மேல் இருந்த நிலமும் ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது.

34 வருஷத் தொடர் ஆட்சிக்கு அஸ்திவாரம் இதுதான்.

ஆனால் தொழில்துறை படுத்துவிட்டது. 1960களின் கடைசியில் நடந்த 'கெராவ்' போராட்டங்களில் முதலாளிகள் மிரண்டது ஒரு காரணம். டெல்லி போட்ட சரக்குக் கட்டணச் சமன்பாடு இன்னொரு காரணம். நிலக்கரியும் இரும்பும் நாடு முழுக்க ஒரே விலை என்றால், சுரங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வங்கத்துக்கு என்ன லாபம்?

1991க்குப் பிறகு வந்த சிக்கல்

தாராளமயம் வந்ததும் ஆட்டமே மாறியது. தொழிற்சாலையை எங்கே வைப்பது என்பதை டெல்லி லைசென்ஸ் முடிவு செய்யும் காலம் போய், கம்பெனிகளே முடிவு செய்யும் காலம் வந்தது. முதலீட்டுக்காக மாநிலங்கள் ஒன்றோடொன்று போட்டி போட ஆரம்பித்தன.

இங்கேதான் ஒரு மாநில கம்யூனிஸ்ட் அரசின் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. அது ரூபாய் அச்சடிக்க முடியாது. இறக்குமதி வரி போட முடியாது. பெரிய கம்பெனியை அரசுடைமை ஆக்க முடியாது. வேலை கேட்டு நிற்கும் இளைஞர்களோ அதே மாநிலத்தில்தான் ஓட்டுப் போடுகிறார்கள். அப்போ, கையில் இருப்பது என்ன? நிலம், மின்சாரம், வரிச்சலுகை, போலீஸ். அவ்வளவுதான்.

1994இல் ஜோதி பாசு அரசே தனியார் முதலீட்டையும் வெளிநாட்டு முதலீட்டையும் வரவேற்றுப் புதிய தொழில்கொள்கை அறிவித்தது. இதனால் கட்சிக்கு இரண்டு முகம் வந்தது. 2005இல் மன்மோகன் சிங் அரசு பெல் நிறுவனப் பங்குகளை விற்கப் பார்த்தபோது, வெளியில் இருந்து ஆதரவு கொடுத்துவந்த இடதுசாரிகள் அதைத் தடுத்து நிறுத்தினார்கள். அதே நேரத்தில் கொல்கத்தாவில் முதல்வர் புத்ததேவ் பட்டாச்சார்யா தொழிலதிபர்களை அழைத்துக்கொண்டிருந்தார். விவசாயம் எங்கள் அடித்தளம், தொழில் எங்கள் எதிர்காலம் என்பது அவருடைய தேர்தல் முழக்கம். பந்த் நடத்தும் கட்சியில் இருக்கிறேனே என்று தொழிலதிபர்கள் கூட்டத்திலேயே அவர் வருத்தப்பட, கட்சிக்குள் பெரிய சலசலப்பு.

இதை வெறும் இரட்டை வேடம் என்று தள்ளிவிட முடியாது. தலைமுறைக்குத் தலைமுறை நிலம் துண்டாகிக்கொண்டே போனது. படித்த பிள்ளைக்கு அரை ஏக்கரில் என்ன வேலை இருக்கிறது? புத்ததேவின் கேள்வி நியாயமானது. கோட்டை விட்டது, அவர் போன வழியில்.

சிங்கூரில் என்ன நடந்தது?

2006 மே 18. புத்ததேவ் மறுபடி பதவியேற்ற அதே நாளில், ஒரு லட்ச ரூபாய் கார் தொழிற்சாலை சிங்கூரில் அமையும் என்று டாடா அறிவித்தது. அரசு எடுத்த நிலம் 997 ஏக்கர். பயன்படுத்திய சட்டம் 1894ஆம் வருஷத்துப் பிரிட்டிஷ் சட்டம். அதன்படி உரிமையாளரின் சம்மதம் தேவையில்லை, பொதுப் பயன்பாடு என்று அரசு சொன்னால் போதும்.

பெரும்பாலானவர்கள் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். ஒரு பகுதியினர் செக்கைத் தொடவே இல்லை. 400 ஏக்கரைத் திருப்பிக் கொடு என்று மம்தா பானர்ஜி உண்ணாவிரதம் இருந்தார்.

அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று இருக்கு. பதிவான பர்காதாருக்கு நில மதிப்பில் 25% இழப்பீடு. பதிவாகாமல் உழுதவருக்கும், அந்த வயலில் கூலி வேலை பார்த்தவருக்கும் ஒன்றும் இல்லை. அதாவது யாருக்காகக் கட்சி 1978இல் கிராமம் கிராமமாகப் போனதோ, அதே வகை மனிதர்கள் 2006இல் கணக்கிலேயே வரவில்லை. நிலத்தைச் சின்னச் சின்னத் துண்டாக ஏழைகள் கையில் சேர்த்ததும் அந்தக் கட்சிதான். ஆயிரம் ஏக்கர் வேண்டும் என்றால் ஆயிரக்கணக்கான குடும்பங்களிடம் போய் நிற்க வேண்டிய நிலைமை.

அடுத்து நந்திகிராம். இந்தோனேசியாவின் சலீம் குழுமத்தோடு சேர்ந்து ரசாயன ஆலை வளாகம் அமைக்க நிலம் எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி பரவ, மக்கள் சாலைகளை வெட்டி ஊரையே மூடினார்கள். 2007 மார்ச் 14, போலீஸ் உள்ளே நுழைந்தது. 14 பேர் இறந்தார்கள். விவசாயிகளின் கட்சி என்ற பெயர் அன்றோடு போச்சு.

2008 அக்டோபர் 3, டாடா விலகல் அறிவிப்பு. ஆலை குஜராத்தின் சானந்துக்குப் போனது. 2011இல் புத்ததேவே ஜாதவ்பூரில் தோற்றார். அவரைத் தோற்கடித்தவர், இடதுசாரி ஆட்சியிலேயே தலைமைச் செயலாளராக இருந்த மணீஷ் குப்தா. (தோல்விக்கு சிங்கூர் மட்டுமே காரணமில்லை. முஸ்லிம்களின் பின்தங்கிய நிலையைக் காட்டிய சச்சார் குழு அறிக்கை, கிராமங்களில் கட்சிக்காரர்களின் அதிகாரம் எல்லாம் சேர்ந்துகொண்டன.)

2016இல் அந்த நில எடுப்பே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே நாட்டின் சட்டமும் மாறியிருந்தது. 2013இல் வந்த நில எடுப்புச் சட்டத்தில், தனியார் கம்பெனிக்கு நிலம் என்றால் நிலத்தை இழக்கும் குடும்பங்களில் 80% சம்மதம் வேண்டும். குத்தகைதாரரும் கூலித் தொழிலாளியும் அந்தச் சம்மதக் கணக்கில் வரமாட்டார்கள், ஆனால் மறுவாழ்வுக்கான கணக்கில் வருவார்கள்.

கேரளாவில் என்ன செய்தார்கள்?

பினராயி விஜயன் அரசு வேறு வழியில் போனது. 2019இல் 'கிஃப்பி' மூலம் 2,150 கோடி ரூபாய்க்கு மசாலா பாண்ட் வெளியிட்டு, லண்டன் பங்குச்சந்தையில் அவரே மணி அடித்தார். தேசிய நெடுஞ்சாலை 66-க்கான நிலச்செலவில் 25% மாநிலமே ஏற்றது, நிலக்காரர்களுக்கும் நல்ல விலை கிடைத்தது. சிங்கூரின் பாடம் கொஞ்சம் வேலை செய்திருக்கு. ஆனால் இந்த வழியில் ஏறுவது கடன்.

விழிஞ்ஞம் துறைமுக ஒப்பந்தத்தை 2015இல் அதானி குழுமத்தோடு போட்டது காங்கிரஸ் அரசு. அப்போது எதிர்த்த இடதுசாரிகள், ஆட்சிக்கு வந்ததும் அதையே முடித்தார்கள். 2022இல் மீனவர்கள் போராடியபோதும் பணி கைவிடப்படவில்லை.

கல்வியிலும் இதே திருப்பம். 1994 நவம்பர் 25, கண்ணூர் மாவட்டம் கூத்துப்பறம்பு. கல்வி தனியார்மயத்தை எதிர்த்துப் போராடிய கட்சியின் இளைஞர் அமைப்பினர் 5 பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். கட்சி இன்றும் அவர்களைத் தியாகிகளாக நினைவுகூர்கிறது. 2025 மார்ச்சில், தனியார் பல்கலைக்கழகங்களை அனுமதிக்கும் மசோதாவை அதே கட்சியின் அரசு சட்டமன்றத்தில் நிறைவேற்றியது.