சொன்னதும் மறந்து போகும் மந்திரம்!

கையில் ஒரு குத்துவாள். உடம்பில் கவசம் கிடையாது. மனதில் ஒரே ஒரு மந்திரம். அதைச் சொன்னதும் அதுவும் மறந்து போகும்!

இப்படியும் ஒரு மந்திரவாதியா?

ஆம். 1974-ம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த "டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" என்ற விளையாட்டில் வருகிறவன் அவன்.

இந்த ஆட்டத்தை நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவார்கள். ஒருவர் கதை சொல்லுவார். "குகைக்குள் நுழைகிறீர்கள். எதிரே ஒரு பூதம். என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார். மற்றவர்களில் ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி. தாங்கள் செய்வதை வாயால் சொல்ல வேண்டும். வெட்டு விழுந்ததா, தவறியதா என்பதைப் பகடை முடிவு செய்யும்.

ஆட்டத்தை உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர். கைகாக்ஸ் லேக் ஜெனீவாவில் வசித்தவர். (சுவிட்சர்லாந்து ஜெனீவா அல்ல. இது விஸ்கான்சின் மாநிலத்துச் சிற்றூர்.) 1970-ல் இன்சூரன்ஸ் வேலை போயிற்று. 5 குழந்தைகள்! செருப்பு ரிப்பேர் செய்து குடும்பத்தை நடத்தினார். விளையாட்டுக்கு விதிகள் எழுதுவதை மட்டும் விடவில்லை.

மந்திரவாதியால் வந்த தொல்லை

1971-ல் கைகாக்ஸ் இன்னொருவருடன் சேர்ந்து ஒரு போர் விளையாட்டு வெளியிட்டார். அதில் மந்திரவாதி வீசும் நெருப்பு உருண்டை, கோட்டையைத் தகர்க்கும் கல்லெறி பொறிக்குச் சமம். அவன் விடும் மின்னல், பீரங்கிக்குச் சமம். பொம்மைப் படைகள் மோதும்போது அது சரி. ஆளுக்கு ஒரு வேடம் போட்டு ஆடும் இடத்தில் என்ன ஆகும்?

எல்லாப் பூதங்களையும் மந்திரவாதியே எரித்து விட்டால், வாளோடு வந்த நண்பனுக்கு வேலை ஏது? கொட்டாவி விடுவான். அடுத்த வாரம் வரமாட்டான். அத்தோடு ஆட்டம் படுத்துவிடும்!

ஆர்னெசன் தம்முடைய ஆட்டத்தில் ஒரு வழி வைத்திருந்தார். மருந்து தயாரிப்பது போல, பொருள்களைச் சேர்த்து மந்திரம் தயாரிக்க வேண்டும். பொருள் கிடைக்காவிட்டால் மந்திரமும் இல்லை.

கைகாக்ஸ் பிடித்தது வேறு வழி. ஜாக் வான்ஸ் என்ற கதாசிரியர் 1950-ல் வெளியிட்ட நூலில், மந்திரத்தைப் படித்து மனதில் ஏற்ற வேண்டும். சொன்னதும் அது அழிந்து விடும். கைகாக்ஸ் அதை அப்படியே எடுத்துக் கொண்டார்.

புது மந்திரவாதிக்கு 8 மந்திரங்கள் உண்டு. ஆனால் நாளுக்கு ஒன்று தான். எதிரியைத் தூங்க வைப்பதா? கதவை அடைப்பதா? இருட்டில் வெளிச்சம் உண்டாக்குவதா? குகைக்குப் போகும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். தவறான மந்திரத்தோடு போய் மாட்டிக் கொண்டவன், வீரனின் முதுகுக்குப் பின்னால் ஒளிய வேண்டியது தான்!

பிறகு இந்த விளையாட்டில் வெக்னா என்று ஒரு கொடிய மந்திரவாதி வந்தான். அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துக்களை மாற்றிப் போட்டால், வான்ஸ்! நன்றிக்கடன் தீர்க்க இப்படியும் ஒரு வழி.

"மறப்பதாவது!"

எல்லாரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "படித்த மந்திரம் எப்படி மறக்கும்?" என்று பலர் கேட்டார்கள். வீட்டிலேயே புது விதி எழுதினார்கள். பீனிக்ஸ் நகரத்து நூலகர் கென் செயின்ட் ஆண்ட்ரே தனி விளையாட்டே எழுதி 1975-ல் வெளியிட்டார். அதில் மந்திரம் மறக்காது. சொல்லச் சொல்ல உடல் பலம் குறையும். ஓய்வு எடுத்தால் தான் திரும்பும்.

கைகாக்ஸ் 2008-லும் ஆர்னெசன் 2009-லும் காலமானார்கள். அவர்களுடைய விளையாட்டில் 2014-ல் வந்த பதிப்பின்படி, சொன்ன மந்திரம் மறப்பதில்லை. சில்லறை மந்திரங்களை எத்தனை முறையும் சொல்லலாம். நெருப்பு உருண்டைக்கு மட்டும் இன்னும் கணக்கு உண்டு!