குழாயின் மறுமுனை

தோளிற் சுமந்து செல்லத்தக்க ஒரு குழாய், மலைபோல் வரும் யுத்த தாங்கியை அழித்துவிடும் காட்சியைத் திரையிலே காணாதார் இலர். ஆனால் அக்குழாயின் மறுமுனையில் நிகழ்வதைத் திரை காட்டுவது அரிது.

பீரங்கி குண்டை முன்னே தள்ளும்போது தானும் பின்னே உதைக்கப்படுகிறது. அவ்வுதையைத் தாங்குவதற்கே அதற்குக் கனத்த உடலும் சில்லுகளும் வேண்டியிருக்கின்றன. மனிதனின் தோள் அதனைத் தாங்காது. ஆகவே குழாயின் பின்புறத்தைத் திறந்து வைத்து, எரியும் வாயுவை அவ்வழியே வெளியேறச் செய்தனர். உதை நீங்கிற்று, அதற்குப் பதிலாகப் பின்புறத்தே தீ பாய்ந்தது.

அமெரிக்கர் 1942 இல் களத்திற்குக் கொண்டுவந்த 'பசூக்கா' இவ்வகையினது. பொப் பேண்ஸ் என்னும் ஹாஸ்ய நடிகர் ஊதி வந்த குழாய் வாத்தியத்தின் பெயரே இதற்கும் வழங்கலாயிற்று. ஜேர்மானியரின் 'பான்ஸர்பௌஸ்ற்' அதனினும் எளியது. ஒருமுறை சுட்டபின் வெறுங்குழாயை எறிந்துவிடலாம். முப்பது மீற்றர் தூரம்வரை சென்று தாக்கிய அதன் ஆரம்ப வகையும் ஏறக்குறைய 200 மில்லிமீற்றர் தடித்த உருக்கைத் துளைக்க வல்லது. வேகத்தால் அன்று, குண்டின் உள்ளே கூம்பு வடிவான உலோகத்தகடு, வெடிப்பின் அழுத்தத்தால் ஊசிபோற் குவிந்து பாய்வதால். மலிவும் எளிமையுமான இக்கருவியை 1945 இல் சிறுவர் கைகளிலும் கொடுத்தனர். பின்புறத் தீயைக் குறித்த எச்சரிக்கை குழாயின்மேற் செந்நிற எழுத்துக்களிற் பொறிக்கப்பட்டிருந்தது.

சினிமா இவ்வெச்சரிக்கையைப் பொருட்படுத்துவதில்லை. 1985 இல் வெளிவந்த இரண்டாவது 'ராம்போ' படத்திலே, கதாநாயகன் ஹெலிகொப்டரின் உள்ளே இருந்தவாறே முன்கண்ணாடி வழியாக இத்தகைய குழாயொன்றைச் சுடுகிறான். மீட்கப்பட்ட கைதிகள் அவனுக்குப் பின்னே இருக்கின்றனர். அவர்களில் ஒருவரது மயிரும் கருகவில்லை!

பேண்ஹார்ட் விக்கி 1959 இல் நெறிப்படுத்திய 'பாலம்' என்னும் ஜேர்மானியப் படமோ வேறுவிதமானது. ஒரேயொரு நாள் படைமுகாமில் இருந்த பாடசாலை மாணவர் எழுவர், யுத்தத்தின் இறுதி நாட்களில் தம் ஊர்ப் பாலத்தைக் காக்க நிற்கின்றனர். அவருள் ஒருவன் ஒரு வீட்டினுள் நின்று பான்ஸர்பௌஸ்ற்றைச் சுடுகிறான். அவனுக்குப் பின்னே நின்ற முதியவரைத் தீ பற்றிக்கொள்கிறது. அப்படத்தில் வரும் தாங்கிகள் மரத்தாற் செய்யப்பட்டவை. கூர்ந்து நோக்குவோர் அதனைக் கண்டுகொள்ளலாம். ஆயினும் அம்முதியவரின் அலறலைக் கேட்டபின் தாங்கிகளை ஆராயும் மனம் எவருக்கும் இராது.