குளிர்கிறது என்று சொல்லிவிடுங்கள்

வெளியே 32 டிகிரி வெயில் அடிக்கும்போதே, உள்ளே ஒருவரின் உடல் வெப்பநிலை 36 டிகிரிக்கும் கீழே இறங்கிக்கொண்டிருக்கலாம். சிங்கப்பூரில் அப்படி நடக்கக்கூடிய இடம், அறுவை சிகிச்சைக் கூடம்.

பலரும் குளிரூட்டியைத்தான் குறை சொல்வார்கள். அதற்கும் பங்கு உண்டு. ஆனால், தாதிமை மாணவியான எனக்குப் பாடத்தில் வியப்பளித்தது மயக்க மருந்தின் பங்கு. நம் உடலின் உட்பகுதி ஏறக்குறைய 37 டிகிரியில் இருக்கும். கை கால்கள் அதைவிடக் குளிர்ந்திருக்கும். தோலுக்கு அருகிலுள்ள இரத்தக் குழாய்களைச் சுருக்கி, சூட்டை உள்ளேயே பூட்டி வைக்கிறது மூளை. மயக்க மருந்து அந்தப் பூட்டைத் திறந்துவிடுகிறது. சூடான இரத்தம் கை கால்களுக்குப் பாய, முதல் ஒரு மணி நேரத்திலேயே உட்பகுதியின் வெப்பம் 1 முதல் 1.5 டிகிரி வரை குறையலாம். அதற்குப் பிறகு எத்தனை போர்வை போர்த்தினாலும் இழந்த சூட்டை மீட்க நேரமாகும்.

அதனால்தான் முன்கூட்டியே சூடேற்றுகிறார்கள். காப்பிக் கடையில் கோப்பையை வெந்நீரில் போட்டு எடுத்த பிறகு காப்பி ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கோப்பை சூடாக இருந்தால் காப்பி சீக்கிரம் ஆறாது. கை கால்களும் அப்படித்தான். பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2008ல் வெளியிட்டு, 2016ல் புதுப்பித்த வழிகாட்டி, மயக்க மருந்து கொடுப்பதற்குக் குறைந்தது 30 நிமிடங்களுக்கு முன்பே சூடேற்றத் தொடங்கச் சொல்கிறது. சாதாரணப் போர்வை சூட்டைத் தராது. இருக்கும் சூட்டைக் காக்க மட்டுமே உதவும். இதற்கென்றே காகிதம் போன்ற மெல்லிய போர்வை ஒன்று உண்டு. ஒரு குழாய் வழியாக அதற்குள் வெப்பக் காற்று ஊதப்படும்.

சென்ற ஆண்டு என் பாட்டிக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. மொழிபெயர்க்க நான் பக்கத்தில் இருந்தேன். மெல்லிய அங்கியோடு படுத்திருந்தவரின் கை சில்லிட்டிருந்தது.

"குளிருதா பாட்டி?"

"இருக்கட்டும்மா. அவங்களுக்கு ஆயிரம் வேலை. இதுக்குப் போய் தொந்தரவு பண்ணாதே."

தாதியிடம் நானே சொன்னேன். சில நிமிடங்களில் அந்தக் காற்றுப் போர்வை வந்தது. "அடுப்படியில உட்கார்ந்த மாதிரி இருக்கு," என்றார் பாட்டி.

தாதி அதைத் தொந்தரவாக நினைக்கவில்லை. உடல் குளிர்ந்தால் இரத்தம் உறைவது தாமதமாகலாம், மருந்தின் வேகம் தணிய நேரமாகலாம், கண் விழித்த பிறகு நடுக்கம் வரலாம். 1996ல் ஆண்ட்ரியா குர்ஸ், டேனியல் செஸ்லர் குழுவினர் பெருங்குடல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 200 பேரை ஆராய்ந்தார்கள். சராசரி 34.7 டிகிரிக்குக் குளிர்ந்தவர்களில் 19 விழுக்காட்டினருக்குக் காயத்தில் கிருமித்தொற்று ஏற்பட்டது. சூடாக வைக்கப்பட்டவர்களில் அது 6 விழுக்காடு.

ஆனால், அதே செஸ்லர் தலைமையில் சீனாவிலும் அமெரிக்காவிலும் 5,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 2022ல் வெளியானது. அதில் 35.5 டிகிரியில் இருந்தவர்களுக்கும் 37 டிகிரியில் வைக்கப்பட்டவர்களுக்கும் இதய பாதிப்பிலோ கிருமித்தொற்றிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அப்படியானால் போர்வை வேண்டாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. 35.5க்கும் 34.7க்கும் இடையே இடைவெளி இருக்கிறது. சூடேற்றாமல் விட்டால் எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. தவிர, பயத்தோடு காத்திருப்பவர் குளிரிலும் நடுங்க வேண்டுமா என்ன?

'நைஸ்' வழிகாட்டியில் எனக்குப் பிடித்த பகுதி மிக எளிமையானது. மருத்துவமனை வீட்டைவிடக் குளிராக இருக்கும், கூடுதல் உடையும் காலணியும் கொண்டுவாருங்கள், குளிர்ந்தால் ஊழியரிடம் சொல்லுங்கள் என்று நோயாளிகளுக்கு முன்பே தெரிவிக்க வேண்டுமாம். நம் வீட்டுப் பெரியவர்கள் கடைசியில் உள்ளதைத்தான் செய்ய மாட்டார்கள். ஆங்கிலம் தெரியாத தாத்தா பாட்டி அறுவை சிகிச்சைக்குப் போகிறார்கள் என்றால், முதல் நாள் இரவே "ஐ எம் கோல்ட்" என்ற மூன்று சொற்களைச் சொல்லிக்கொடுங்கள். கூடத்தின் கதவு வரைதான் நாம் கூடப் போக முடியும்.