ஆரக்காலுக்கும் ஓர் அழகு

சக்கரத்தின் நடுவைக் குடம் என்றும், விளிம்பை வட்டை என்றும், இரண்டையும் இணைப்பதை ஆரக்கால் என்றும் பெயரிட்டு வழங்குவது நம் மொழி. மரவண்டியின் ஆரக்கால் பாரத்தை ஊன்றித் தாங்குவது. துவிச்சக்கரவண்டியின் கம்பியோ வட்டையைக் குடத்தை நோக்கி இழுத்துப் பிடித்தே பாரத்தைச் சுமக்கின்றது. 1808இல் ஜோர்ஜ் கெய்லி என்னும் ஆங்கிலேயர் கண்ட இவ்வுபாயத்தை, கம்பிகளைச் சாய்த்துப் பின்னும் முறையால் 1874இல் ஜேம்ஸ் ஸ்டார்லி செம்மைப்படுத்தினார். இக்கம்பிகளுக்கு நிறமூட்டுவது வீண் பகட்டு என்பார் உளர். அவர்களோடு நான் உடன்படுவதற்கில்லை.

பேஸ்லைன் வீதியும் அவிசாவளை வீதியும் கூடும் ஒருகொடவத்தைச் சந்தியில், கொள்கலன் ஏற்றிய பாரவண்டிகளுக்கிடையே சைக்கிளில் செல்வோரை எண்ணிப் பாருங்கள். 2022ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தில் பலர் மீண்டும் சைக்கிளை நாடினர். பஞ்சம் நீங்கிய பின்னும் அதனையே நம்பி வாழும் தொழிலாளரும் மாணவரும் இருக்கின்றனர். புதுவண்டி வாங்க வகையற்றவனுக்குப் பழைய வண்டியை அழகுபடுத்தும் உரிமையாவது வேண்டாமா?

செலவு குறைந்த வழி யாது? எனாமல் பூசலாம் என்றே பலரும் நினைப்பர். ஆனால் கம்பிகள் பெரும்பாலும் நாகமுலாம் பூசப்பட்டவை. அதன்மேல் எண்ணெய் வர்ணம் நெடுநாள் ஒட்டி நில்லாது. ஒட்டட்டும் என்று உப்புத்தாளால் அழுத்தித் தேய்த்தால், துருவைத் தடுக்கும் முலாமே போய்விடும். கடற்காற்று வீசும் கொழும்பில் அது தகாத காரியம்.

உறையிடுவதே நல்வழி. முன்னர் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல்களை நீளவாக்கில் கீறிக் கம்பியில் மாட்டினர். இலங்கையில் 2023 ஒக்டோபர் முதல் அவை தடைசெய்யப்பட்டுவிட்டன; காகிதக் குழலோ ஒரு மழைக்கே கரையும். எறியப்பட்ட மின்கம்பியின் பிளாஸ்டிக் உறை இதற்குப் போதும். செம்பை எடுக்க அதனை எரித்தல் கூடாது, நச்சுப்புகை எழும். கூரிய கத்தியால் நெடுகக் கீறி உரித்தால், செம்பு விலைக்குப் போகும், உறை சக்கரத்துக்கு வரும்.

பழைய ஆங்கில வண்டிகளில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40, ஆக 72 கம்பிகள். ஒவ்வொன்றிலும் கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்கு வெளியேதான் உறை நிற்க வேண்டும். வட்டையின் அருகே விரலளவு வெறுமையாக விடுக. இல்லையேல் சக்கரத்தின் கோணல் எடுப்பவருக்குச் சாவி நுழையாது. உள்ளே புகும் மழைநீர் வடியவும் அவ்விடைவெளி வேண்டும். ஆண்டுக்கொரு முறை உறையைக் கழற்றித் துரு பார்த்தல் நலம். தடைக்கட்டை உரசும் வட்டைப் பக்கத்தில் எதனையும் பூசற்க.

நிறத்தைத் தேர்வதிலும் ஒரு பாடம் உண்டு. ஏழு நிறங்களையும் மாற்றி மாற்றி இட்டால், நிற்கும்போது வானவில்; ஓடும்போது வெறும் சாம்பல். வகுப்பறையில் நியூற்றனின் வண்ணத்தட்டைச் சுழற்றிக் காட்டும் ஆசிரியர் இதனை அறிவார். ஒரே நிறமே ஓட்டத்திலும் தன்னைக் காட்டும். மஞ்சளாயின் மாலை மங்கலிலும் பக்கவாட்டில் வருவோர் கண்ணிற் படும். இரவில் அதுவும் போதாது. விளக்கும் ஒளிதெறிக்கும் வில்லையும் வேண்டும்.

கழிவிலிருந்து பெற்ற உறையும், ஒரு மாலைப்பொழுதின் உழைப்புமே இதற்கான செலவு. தன் கையால் அழகாக்கிய வண்டியின் துருவை ஒருவன் துடைப்பான், தளர்ந்த கம்பியை இறுக்குவிப்பான். அவனைப் பகட்டன் என்று நகைப்பவர், தம் வீட்டு வாயிலில் கோலமிடுவதையும் நிறுத்திவிட்டு நகைக்கட்டும்.